வில்லங்கம் சுத்தம், அக்கா பத்து ரூபாய்த் தாளில் எழுதிக்கொடுத்திருக்கிறார் என்கிறார்கள். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கொலுசுக்காரி:

வணக்கம். நானும் என் வீட்டுக்காரரும் சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வாடகை வீட்டின் முன்னறைதான், பதினோரு அடிக்குப் பத்தரை அடி. இருபது வருடச் சேமிப்பு, எடுத்த ஏலச்சீட்டு, தாலிக்கொடி போக மீதி நகை எல்லாவற்றையும் திரட்டி ஒரு இடம் வாங்கப் பார்க்கிறோம்.

கொண்டலாம்பட்டி பக்கம் 4 சென்ட் வீட்டு மனை, அதில் ஒரு பழைய ஓட்டு வீடு. 31 லட்சத்துக்குப் பேச்சு முடிந்திருக்கிறது. 1983-இல் ஒரு பெரியவர் கிரயம் வாங்கிய இடம். அவர் 2011-இல் இறந்துவிட்டார், உயில் எழுதவில்லை. பட்டா இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. மூன்று மகன்கள், ஒரு மகள். இப்போது விற்க முன்வந்திருப்பவர்கள் மூத்த மகனும் இரண்டாவது மகனும். கடைசி மகன் 2019-இல் தவறிவிட்டார். அவருக்கு மனைவியும் ஒன்பது வயதில் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறார்கள். மகளை 1988-இல் ஆத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

தரகர் சொல்வது இதுதான். 1989-க்கு முன்பு கல்யாணமான பெண்ணுக்குப் பங்கு கிடையாது. அதோடு அந்த அக்கா கல்யாணத்தின்போதே 15 பவுன் வாங்கிக்கொண்டு 'இனி அப்பா சொத்தில் எனக்குப் பங்கில்லை' என்று பத்து ரூபாய் முத்திரைத் தாளில் எழுதிக்கொடுத்திருக்கிறார். அந்தத் தாளைக் கண்ணால் பார்த்தேன், மடிப்பில் கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருக்கிறது. குழந்தைக்காக அதன் அம்மா கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொல்கிறார்.

1975 முதல் இன்று வரை வில்லங்கம், அதாவது இந்த இடத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பார்த்தோம். 1983 கிரயம் ஒன்றுதான் வருகிறது. மூலப்பத்திரம் செராக்ஸ்தான் கொடுத்தார்கள். பத்திரத்தில் 14 லட்சம் காட்டிக்கொள்ளலாம், அதுதான் அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, மீதி 17 லட்சத்தைக் கையில் கொடுங்கள் என்கிறார் மூத்தவர். வரும் வெள்ளிக்கிழமை 2 லட்சம் ரொக்கமாக அட்வான்ஸ் வேண்டுமாம்.

இடம் பார்க்கப் போனபோது திண்ணையில் ஒரு வயதான அம்மா முறத்தில் புளியைப் போட்டுக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். எங்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். இடம் மனதுக்குப் பிடித்துவிட்டது, அதுதான் பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அயோத்தியாப்பட்டணத்துக்காரன்:

சகோதரி, வில்லங்கம் சுத்தமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நானும் அப்படித்தான் வாங்கினேன், ஒன்றும் ஆகவில்லை. தப்பான சொத்து என்றால் பத்திர ஆபீசிலேயே பதிய மாட்டார்களே.

பழைய பத்திர எழுத்தர்:

மேலே எழுதியிருக்கும் தம்பிக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்றால் சந்தோஷம்.

அம்மா, நான் முப்பத்தாறு வருடம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே புங்க மரத்தடியில் மேசை போட்டுப் பத்திரம் எழுதியவன். கண்ணில் புரை விழுந்த பிறகு விட்டுவிட்டேன். நான் வக்கீல் இல்லை. நான் சொல்வதை வைத்துக்கொண்டு ஒரு சிவில் வக்கீலிடம் போய்க் கருத்து வாங்குங்கள். அதற்குச் சில ஆயிரம் ஆகும், 31 லட்சத்துக்கு முன்னால் அது செலவே இல்லை.

முதலில் வில்லங்கம். வில்லங்கச் சான்று என்பது பத்திர ஆபீசுக்கு வந்து போனவர்களின் வருகைப் பதிவேடு. வராதவர்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பெரியவர் 2011-இல் கண்ணை மூடிய நிமிடமே சொத்து வாரிசுகளுக்குப் போய்விட்டது. சாவைப் பதிய யாரும் சார்பதிவாளரிடம் போவதில்லை. ஆகவே உங்கள் வில்லங்கத்தில் ஒரே ஒரு பதிவு இருக்கிறது என்றால், 1983-க்குப் பிறகு இந்தக் குடும்பம் அந்தப் படியேறவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். சுத்தம் என்ற சொல்லைத் தரகர்கள் எங்கிருந்து பிடித்தார்களோ.

பதிய மாட்டார்கள் என்பதும் தவறு. பதிவு அலுவலருக்கு விற்பவரின் உரிமையை ஆராயும் அதிகாரம் 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டத்தில் இல்லை என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான் சொன்னது. அண்ணன் தம்பி இருவரும் தங்கள் பங்கை விற்கலாம். தங்களிடம் இல்லாததை விற்றதாக எழுதினாலும் பதிவாகிவிடக்கூடும். அதனால் அது உங்களுடையதாகிவிடாது.

இனி அக்கா. 1989 என்று தரகர் சொல்வது பாதி கேட்ட கதை. அந்த வருடம் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியது. 25.3.1989-க்கு முன் கல்யாணமான பெண்களை அது விட்டுவிட்டது உண்மை. 2005-இல் மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டையும் எடுத்துவிட்டது, 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆனால் உங்கள் விஷயத்தில் இதெல்லாம் எதற்கு? இது பெரியவர் தன் காசில் கிரயம் வாங்கிய சொத்து. உயிலில்லாமல் இறந்தால் மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவே என்று 1956 வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. எந்த வருடம் கல்யாணம், எத்தனை பவுன் என்று அந்தச் சட்டம் கேட்கவே இல்லை.

பத்து ரூபாய்த் தாள். 1988-இல் அப்பா உயிருடன் இருந்தார். அந்தச் சொத்தில் அந்தப் பெண்ணுக்கு அன்று ஒரு அடிகூடக் கிடையாது. இல்லாத பங்கை எப்படி விட்டுக்கொடுப்பது? வருங்காலத்தில் வரக்கூடிய வாரிசுரிமையை முன்கூட்டியே கைமாற்ற முடியாது என்பது சொத்து மாற்றுச் சட்டம். போதாக்குறைக்கு அது பதிவும் ஆகவில்லை. பவுன் வாங்கிக்கொண்டுதானே எழுதினார், இப்போது எப்படிப் பங்கு கேட்கலாம் என்று கோர்ட்டில் வாதாட இடம் உண்டு. ஆனால் அந்த வாதத்தைப் பத்து வருடம் படியேறி நடத்தப் போவது அண்ணன்மார் அல்ல, நீங்கள்.

என் கையால் எழுதிய பத்திரம் ஒன்றைச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் இப்படித்தான், மகன்கள் மட்டும் கையெழுத்துப் போட்டார்கள். 'தங்கச்சி கேட்க மாட்டாள்' என்றார்கள், நானும் எழுதிக்கொடுத்தேன். வாங்கியவர் மாடி வீடு கட்டி, பேரன் பேத்தி எடுத்துவிட்டார். பதினான்கு வருடம் கழித்து அந்தத் தங்கை ராசிபுரத்திலிருந்து ஒரு வக்கீல் நோட்டீசோடு வந்து இறங்கினார். வாங்கியவர் சண்டைக்கு அண்ணன்மாரிடம் போகவில்லை, நேராக என் மேசைக்கு வந்தார். அன்று முதல் வாரிசுச் சான்றைப் பார்க்காமல் நான் பேனாவைத் திறந்ததில்லை.

கடைசியாக ஒரு கேள்வி. எல்லோரையும் எழுதினீர்கள், பெரியவரின் மனைவியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. அவர் இருக்கிறாரா?

கொலுசுக்காரி:

ஐயா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு மூத்தவருக்குப் போன் செய்தேன். 'அம்மாதானே, இருக்கிறார், அவர் எங்கள் பேச்சைத் தட்ட மாட்டார்' என்றார். திண்ணையில் புளி உடைத்துக்கொண்டிருந்தவர்தான்.

பழைய பத்திர எழுத்தர்:

நினைத்தேன். இனி கணக்கைப் போடுவோம், காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

2011-இல் வாரிசுகள் ஐந்து பேர்: மனைவி, மூன்று மகன்கள், ஒரு மகள். ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. 2019-இல் கடைசி மகன் இறந்தபோது அவருடைய ஐந்தில் ஒன்று அவர் மனைவி, குழந்தை இருவருக்கு மட்டும் போகவில்லை. செத்துப்போன மகனுக்குத் தாயும் முதல் வகுப்பு வாரிசு. இதைப் பத்திரம் எழுதுகிறவர்களே பாதிப் பேர் மறப்பார்கள். ஆகவே அந்த ஒரு பங்கு மூன்றாகிறது, ஒவ்வொன்றும் பதினைந்தில் ஒன்று. பாட்டிக்குத் தன் பங்கு பதினைந்தில் மூன்று, மகன் வழியாக வந்தது ஒன்று, ஆக மொத்தம் பதினைந்தில் நான்கு. உங்களிடம் பேரம் பேசிய மூத்தவருக்குப் பதினைந்தில் மூன்றுதான். அந்த இடத்தில் எல்லோரையும்விடப் பெரிய பங்குதாரர் உங்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர்.

குழந்தைக்குப் பதினைந்தில் ஒன்று. 4 சென்ட் என்பது 1,742 சதுர அடி. அதில் பதினைந்தில் ஒன்று 116 சதுர அடி. உங்கள் பட்டறையின் அளவு.

அந்த 116 அடிக்குத்தான் நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டும். மைனரின் சொத்தை இயற்கைக் காப்பாளர், அது பெற்ற தாயாகவே இருந்தாலும், மாவட்ட நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால், அந்தக் குழந்தை 18 வயதாகி மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டு ரத்து கேட்கலாம். இப்போது ஒன்பது வயது என்றால் இன்னும் பன்னிரண்டு வருடம். நீதிமன்றத்தில் மனுப் போட்டால் பெரும்பாலும் குழந்தையின் பங்குப் பணத்தை வங்கியில் வைப்பு நிதியாகப் போடச் சொல்லி அனுமதி கொடுப்பார்கள். மாதங்கள் ஆகும். குழந்தையின் அம்மா மனுதாரர், நீங்கள் காத்திருக்க வேண்டியவர். காத்திருக்க முடியாது என்று அவசரப்படுத்துகிறவர் யாரோ, அவரைச் சந்தேகப்படுங்கள்.

அக்காவுக்குத் தனியாக, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எல்லாம் எழுத வேண்டியதில்லை. கிரயப்பத்திரத்திலேயே எழுதிக்கொடுப்பவர்களில் ஒருவராக அவர் பெயரும் வரட்டும். அவருடைய பங்குப் பணத்தை அவர் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். அண்ணனிடம் கொடுத்து 'அக்காவுக்குச் சேர்த்துவிடுங்கள்' என்று சொல்லாதீர்கள்.

இரண்டு வாரிசுச் சான்றுகள் வேண்டும், பெரியவருக்கு ஒன்று, கடைசி மகனுக்கு ஒன்று. ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறோம் என்று நீட்டினால் முதலில் அக்கா பெயரும் பாட்டி பெயரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூலப்பத்திரம் அசலைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். செராக்ஸ்தான் கொடுப்பேன் என்றால் அசல் யாரிடமோ வட்டிக்குத் தூங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். பட்டாவில் பரப்பு ஏர்ஸ் கணக்கில் இருக்கும். 1.62 ஏர்ஸ் இருந்தால் 4 சென்ட் சரி. இருந்தாலும் சர்வேயரை வைத்து அளந்து, பத்திரத்தின் நான்கெல்லையோடு ஒப்பிடுங்கள்.

14 லட்சக் கதைக்கு வருகிறேன். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்கு 9. 31 லட்சத்துக்கு 2,79,000. 14 லட்சத்துக்கு 1,26,000. மிச்சம் 1,53,000. இந்த மிச்சத்துக்காக உங்கள் 17 லட்சத்துக்குச் சாட்சியே இல்லாமல் போகிறது. நாளை உரிமையில் ஓட்டை என்று நிரூபணமாகிப் பணத்தைத் திருப்பிக் கேட்டால், பத்திரம் 14 என்றுதான் பேசும். நீங்களே பின்னால் விற்கும்போது அந்த 17 லட்சமும் லாபமாகக் கணக்காகி வரி வரும். மூத்தவருக்கு இது லாபம், உங்களுக்கு நஷ்டம் மட்டுமே. பெண்கள் பெயரில் பதிந்தால் 1 சதவீதச் சலுகை என்று 2025 ஏப்ரல் முதல் இருக்கிறதே என்பீர்கள். அது 10 லட்சம் வரையுள்ள சொத்துக்கு.

அட்வான்சை ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். நிலம் வீடு விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே தொகையை வருமான வரித்துறை அபராதமாகக் கேட்கலாம், அதுவும் வாங்கியவரிடம். இதை மூத்தவரிடம் சொல்லிப் பாருங்கள், காசோலை என்றால் உடனே சம்மதிப்பார். கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தே தீர வேண்டும், 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் அதுதான் சட்டம். அதில் எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும். நீதிமன்ற அனுமதி கிடைத்த பிறகே கிரயம், கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள்.

காப்பி மலை:

எழுத்தர் ஐயா சொன்னதை மூன்று வருடம் முன்பு படித்திருந்தால் எனக்கு ஒன்றரை லட்சம் மிஞ்சியிருக்கும். நான் சேலத்தில் டயர் கடை வைத்திருப்பவன். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் என்பது சின்ன வயது ஆசை. நாகலூர் பக்கம் 60 சென்ட், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. ஐப்பசி மாதம், பனி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பனியில் எந்தக் காகிதத்தைக் காட்டினாலும் நல்ல காகிதமாகத்தான் தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் 3 லட்சம் கொடுத்துவிட்டேன்.

பட்டா விற்பவர் பெயரில் சரியாக இருந்தது. வில்லங்கத்தில் ஒன்றுமில்லை. பிறகுதான் அது மலைவாழ் குடும்பத்துக்கு, இஷ்டப்படி விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அரசு ஒப்படை செய்த நிலம் என்று தெரிந்தது. பட்டாவை மட்டும் பார்த்தேனே தவிர, அந்தப் பட்டா எப்படி வந்தது என்று கேட்கவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் போய், நிலம் எந்த வகை என்று எழுதியிருக்கும் அ-பதிவேட்டைக் காட்டச் சொல்லியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். விற்றவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் மகள் கல்யாணத்துக்குப் பணம் தேவைப்பட்டிருக்கிறது. பாதியைத் திருப்பிக் கொடுத்தார், மீதியை நான் கேட்கவில்லை. நடுவில் நின்ற தரகர்தான் இன்றுவரை போன் எடுப்பதில்லை.

மலையில் வாங்க நினைப்பவர்களுக்கு இன்னொன்று. பட்டா நிலமாகவே இருந்தாலும் மனை பிரிப்பதற்கும் கட்டடம் கட்டுவதற்கும் மலையிடப் பாதுகாப்பு விதிகள் தனியாக உண்டு. 'பஞ்சாயத்து அப்ரூவல் வாங்கிவிட்டோம்' என்று காட்டும் காகிதத்தை வைத்து ஒரு செங்கல்கூட வைக்க முடியாது.

துபாய்த் தமிழன்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். அஸ்தம்பட்டியில் என் பெயரில் ஒரு பிளாட் இருக்கிறது. விற்க மைத்துனருக்குப் பவர் (என் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம்) கொடுக்கலாம் என்று இருக்கிறேன். நான் ஊருக்கு வராமல் முடியுமா?

பழைய பத்திர எழுத்தர்:

முடியும். அங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்புங்கள். தாள் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பவர் கொடுத்தவர் உயிரோடு இருந்தால்தான் பவருக்கு உயிர், ஆகவே கிரயத்தன்று உங்கள் உயிர்வாழ் சான்று கேட்பார்கள். உள்ளூர்க்காரர் விற்றால் 50 லட்சமும் அதற்கு மேலும்தான் வாங்குபவர் 1 சதவீத வரி பிடிப்பார். நீங்கள் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் தொகை எவ்வளவானாலும் பிடிக்க வேண்டும், விகிதமும் கூடுதல். இதை வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பத்திர ஆபீஸ் வாசலில் நின்று சண்டை போடாதீர்கள். மற்றபடி மைத்துனர் எப்படிப்பட்டவர் என்பது எனக்குத் தெரியாது.

கொலுசுக்காரி:

ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரரும் ஆத்தூருக்கு பஸ் ஏறினோம். அந்த அக்கா மரவள்ளிக் காட்டிலிருந்து கை கழுவாமல் அப்படியே வந்தார். இடத்தை விற்கிறார்கள் என்பதே எங்கள் வாயிலிருந்துதான் அவருக்குத் தெரிந்தது. கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'வீட்டை விற்றால் அம்மா எங்கே படுப்பார்?' என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பத்து ரூபாய்த் தாளைப் பற்றிக் கேட்டதற்கு, 'எழுதச் சொன்னார்கள், எழுதினேன், எனக்குப் பத்தொன்பது வயது' என்றார். கையெழுத்துப் போடுகிறாராம், ஆனால் அம்மாவுடைய பங்குப் பணம் அம்மா பெயரில் வங்கியில் கிடக்க வேண்டும், பாஸ்புத்தகம் தன்னிடம் இருக்க வேண்டும் என்கிறார்.

மூத்தவர் நேற்று போன் செய்து வேறு பார்ட்டி 33 லட்சத்துக்கு நிற்கிறார் என்றார். நிற்கட்டும் என்றேன். இன்று காலை அவரே மறுபடி கூப்பிட்டு, அசல் பத்திரத்தை வக்கீலிடம் காட்டச் சம்மதம், குழந்தைக்காக நீதிமன்றத்தில் மனுப் போடவும் தம்பி மனைவி சம்மதம், ஆனால் அந்த வக்கீல் செலவை நீங்கள்தான் ஏற்க வேண்டும் என்கிறார். ஏற்கலாமா ஐயா?

பழைய பத்திர எழுத்தர்:

ஏற்கலாம், விலையில் கழித்துக்கொண்டு. மனுவைப் போடும் வக்கீல் அவர்களுடையவராக இருக்கட்டும், உரிமையைப் பார்த்துச் சொல்லும் வக்கீல் உங்களுடையவராக இருக்கட்டும். இரண்டுக்கும் ஒரே ஆளைப் பிடிக்காதீர்கள். பாட்டியின் வங்கிக் கணக்கு எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பாஸ்புத்தகம் யாரிடம் இருப்பது என்பது பத்திரத்தில் வராது, அதை அந்த அக்கா பார்த்துக்கொள்வார்.